சைகை மொழியில் வேலை: மவுண்ட்பேட்டன் ரோட்டில் படிப்பதா, வாஷிங்டனிலா, டெல்லியிலா?

சிங்கப்பூரில் சைகை மொழி கற்று அதிலேயே வேலை பார்க்க விரும்புபவர்கள் கட்டணம், காலம், சான்றிதழ் மூன்றையும் வைத்துத்தான் பெரும்பாலும் படிப்புகளை ஒப்பிடுகிறார்கள். அதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: அங்கே சொல்லித்தருவது எந்த ஊர்ச் சைகை மொழி?

உலகம் முழுவதற்கும் ஒரே சைகை மொழி என்பது தவறான எண்ணம். சிங்கப்பூர்ச் சைகை மொழிக்குத் தனி வரலாறு இருக்கிறது. ஷாங்காயிலிருந்து வந்த பெங் சூ யிங் காது கேளாதவர். அவர் 1954இல் இங்கே சைகைவழிப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். அதனால் முதல் தலைமுறையின் கைகளில் ஷாங்காய்ச் சைகைகள் ஏறின. 1970களில் அமெரிக்கச் சைகை மொழியும், ஆங்கிலத்தை விகுதி முதற்கொண்டு அப்படியே கையால் காட்டும் 'சைனிங் எக்ஸாக்ட் இங்கிலீஷ்' முறையும் பள்ளிகளுக்குள் வந்தன. இவற்றோடு உள்ளூரிலேயே பிறந்த சைகைகளும் கலந்து உருவான மொழிக்கு 'சிங்கப்பூர்ச் சைகை மொழி' என்ற பெயர் 2008இல்தான் கிடைத்தது. எழுபது வயதுப் பாட்டியின் சைகை ஒருவிதம், ஐம்பது வயதுக்காரரின் சைகை ஆங்கில வரிசையில், இருபது வயதினரின் சைகை இன்னொரு விதம் என்று ஒரே வீட்டில்கூடப் பார்க்கலாம். இங்கே வேலை செய்பவர் மூன்றையும் படிக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும்.

உள்ளூர்ப் பாதை

1955இல் தொடங்கிய சிங்கப்பூர்க் காது கேளாதோர் சங்கம் மவுண்ட்பேட்டன் ரோட்டில் இருக்கிறது. அங்கே படிநிலைகளாக வகுப்புகள் நடக்கின்றன. கற்பிப்பவர்கள் காது கேளாத ஆசிரியர்கள் என்பதுதான் இந்தப் பாதையின் பெரிய பலம். வாயால் பேசி விளக்கும் வசதி இல்லாததால் முதல் நாளிலிருந்தே கண்தான் வேலை செய்யும். வேலையை விடாமல் படிக்கலாம். பழகப் போகும் மக்களும் அந்தக் கட்டடத்திலேயே இருக்கிறார்கள்.

குறை என்ன? பட்டம் கிடைக்காது. படிநிலைகளை முடித்தவரால் உரையாட முடியும், ஆனால் அவர் மொழிபெயர்ப்பாளர் ஆகிவிடமாட்டார். இரண்டுக்கும் நடுவே பல ஆண்டுப் பழக்கம் தேவை. பலர் இந்த இடைவெளியில்தான் நின்றுவிடுகிறார்கள். வகுப்பு முடிந்ததும் காது கேளாதோர் சமூகத்தின் நிகழ்வுகளுக்குப் போகாமல், காணொளி பார்த்தே தேறிவிடலாம் என்று நினைத்தால் ஆறே மாதத்தில் கை மரத்துப்போகும்.

தொடக்கநிலையில் திரும்பத் திரும்ப நடக்கும் பிழைகள் மூன்று. முதலாவது, முகத்தை வெறுமையாக வைத்துக்கொள்வது. 'சாப்பிட்டாயா' என்பதில் கடைசி 'ஆ' செய்யும் வேலையைச் சைகையில் உயர்த்திய புருவம் செய்கிறது. புருவம் அசையாவிட்டால் கேள்வி வெறும் செய்தியாகிவிடும். இரண்டாவது, ஆங்கில வரிசையைக் கைக்குக் கொண்டுவருவது. 'உங்க பேரு என்ன?' என்று கேட்கும்போது தமிழில் 'என்ன' கடைசியில்தானே வருகிறது? சைகையிலும் வினாச்சொல் கடைசியில், சுருக்கிய புருவத்தோடு வருவது வழக்கம். தமிழில் யோசிப்பவருக்கு இது கைவந்த அமைப்பு, ஆங்கிலத்தில் யோசித்துத்தான் அதைக் கெடுத்துக்கொள்கிறோம். மூன்றாவது, பெயர்களை எழுத்தெழுத்தாக விரலால் காட்டும் விரலெழுத்தில் ஒவ்வொரு எழுத்துக்கும் கையை முன்னே குத்துவது. முழங்கையை உடலோடு ஒட்டி, கையைத் தோள் அருகே அசையாமல் நிறுத்தி, விரல்கள் மட்டும் மாற வேண்டும். கார்த்திகேயன், புவனேஸ்வரி போன்ற பெயர்களை ஆங்கில எழுத்தில் நீளமாக விரலில் காட்ட வேண்டியிருப்பதால் நம்மவர்களுக்கு இந்தப் பயிற்சி கூடுதலாகவே தேவை.

வாய் பேசிக்கொண்டே சைகை செய்யும் பழக்கத்தையும் தொடக்கத்திலேயே விட்டுவிடுங்கள். இரண்டு இலக்கணங்களை ஒரே நேரத்தில் ஓட்ட முடியாது, உடைவது எப்போதும் சைகைதான்.

வெளிநாட்டுப் பட்டம்

வாஷிங்டனில் உள்ள கேலடெட் பல்கலைக்கழகம் 1864இல் தொடங்கியது. வளாகமே சைகையில் இயங்கும் இடம். மொழிபெயர்ப்புக்கு இளநிலைப் பட்டமும் உண்டு. அது முதன்மையாகக் காது கேளாதோருக்கான பல்கலைக்கழகம் என்பதால், காது கேட்கும் இளநிலை மாணவர்களுக்கு இடம் குறைவு. அது நியாயமும்கூட. நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டரிலும் அமெரிக்கச் சைகை மொழிபெயர்ப்பில் பட்டம் படிக்கலாம். எடின்பரோவின் ஹெரியட்-வாட் பல்கலைக்கழகம் பிரிட்டிஷ் சைகை மொழியையும், சிட்னியின் மெக்குவாரி பல்கலைக்கழகம் ஆஸ்திரேலியச் சைகை மொழியான ஆஸ்லானையும் மொழிபெயர்ப்புப் படிப்பில் கற்பிக்கின்றன.

ஊர் திரும்ப நினைப்பவருக்கு இவை சமமல்ல. சிங்கப்பூரில் பழகுவது அமெரிக்க ஒற்றைக்கை விரலெழுத்து. பிரிட்டிஷ், ஆஸ்லான் இரண்டிலும் விரலெழுத்து இரட்டைக்கை, சொற்களும் வேறு. சிட்னியிலிருந்து வருபவர் இங்கே கிட்டத்தட்டப் புது மொழியைக் கற்க வேண்டியிருக்கும். அமெரிக்காவில் படித்தவருக்கு அந்தச் சுமை குறைவு. ஆனால் அவருக்கு வேறொரு ஆபத்து உண்டு: புரிந்துவிட்டது என்ற தன்னம்பிக்கையில் உள்ளூர்ச் சைகைகளை அமெரிக்கச் சைகைகளால் திருத்தத் தொடங்கிவிடுவார். சமூகம் அதை எளிதில் மன்னிக்காது.

அப்படியானால் பணத்தைக் கொட்டி ஏன் போக வேண்டும்? உள்ளூர் வகுப்பில் முறையாகக் கிடைக்காத மொழிபெயர்ப்புத் திறன் அங்கே கிடைக்கிறது என்பதற்காக. பேச்சுக்கும் கைக்கும் நடுவே எவ்வளவு நேர இடைவெளி விட வேண்டும், பொருள் புரியாதபோது எப்படி நிறுத்திக் கேட்க வேண்டும், கேட்ட ரகசியத்தை எப்படிக் காக்க வேண்டும் என்பதெல்லாம் எந்தச் சைகை மொழிக்கும் பொருந்தும். ஆய்வில் நாட்டமுள்ளவர்கள் ஹாங்காங் சீனப் பல்கலைக்கழகத்தின் சைகை மொழியியல் மையத்தைப் பார்க்கலாம். ஆசிய நாடுகளின் சைகை மொழிகளைக் காது கேளாத ஆய்வாளர்களோடு சேர்ந்து ஆராயும் இடம் அது.

இந்தியப் பட்டயம்

தமிழ்க் குடும்பங்களில் எழும் முதல் யோசனை இது. செலவு குறைவு, உறவினர் வீட்டில் தங்கலாம். 2015இல் அமைந்த இந்தியச் சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையம் டெல்லியில் இருக்கிறது. மொழிபெயர்ப்புக்கான இரண்டு ஆண்டுப் பட்டயப் படிப்பு அங்கே உண்டு. இந்தியாவில் வேலை செய்ய அது நல்ல தகுதி. ஆனால் இந்தியச் சைகை மொழியும் இரட்டைக்கை விரலெழுத்து கொண்டது, சிங்கப்பூர்ச் சைகையோடு உறவு குறைவு. நாமும் அவர்களும் தமிழ் பேசுவதால் சைகையும் ஒன்றாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம். பேச்சுமொழி எல்லைகளைப் பார்த்துச் சைகை மொழி பரவுவதில்லை. சிங்கப்பூரில் வேலை செய்யப் போகிறவருக்கு இந்தப் பாதையை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

வேறு தொழிலோடு சைகை

மாதச் சம்பளம் நிலையாக வர வேண்டும் என்பவருக்கு இதுதான் பாதுகாப்பானது. சிங்கப்பூர்க் காது கேளாதோர் பள்ளி 2017இல் மூடப்பட்டது. சைகைவழி கற்கும் பிள்ளைகளுக்கு 2018 முதல் மேஃபிளவர் தொடக்கப்பள்ளியும், அதன் பிறகு பீட்டி உயர்நிலைப்பள்ளியும் இடம் தருகின்றன. பாலர் வயதுக்குக் காது கேளாதோர் சங்கத்தின் 'லிட்டில் ஹேண்ட்ஸ்' இருமொழித் திட்டம் இருக்கிறது. ஆசிரியப் பணிக்குத் தேசியக் கல்விக் கழகப் பயிற்சி வேண்டும். பேச்சு, மொழிச் சிகிச்சைக்குச் சிங்கப்பூர் தொழில்நுட்பக் கழகத்தில் நான்கு ஆண்டு இளநிலைப் பட்டமும், சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் இரண்டு ஆண்டு முதுநிலைப் பட்டமும் உண்டு. ஒன்றை நினைவில் வையுங்கள்: சிகிச்சைத் துறை கேட்கவும் பேசவும் வைப்பதை இலக்காகக் கொண்டது. காது கேளாமையைக் குறையாகவே பார்க்கப் பழகிய கண்ணோடு சமூகத்துக்குள் போனால் வரவேற்பு இருக்காது. 'செவித்திறன் குறைபாடு' என்ற அலுவலகச் சொல்லில் 'குறைபாடு' ஒட்டிக்கொண்டிருக்கிறது. 'செவிடு', 'ஊமை' என்பவை வசவுகள். 'காது கேளாதோர்' என்பது நேரான சொல்.

எந்தப் பாதையில் போனாலும் பண்பாட்டைத் தனியாகக் கற்க வேண்டும். கூப்பிடத் தோளை மெல்லத் தட்டலாம், கையை அசைக்கலாம், விளக்கை அணைத்துப் போடலாம். சைகையில் பேசும் இருவருக்கு நடுவே போக நேர்ந்தால் நம் வழக்கப்படி குனிந்து, நின்று, மன்னிப்புக் கேட்காதீர்கள். அதுதான் பேச்சை உடைக்கும். சட்டென்று கடந்துவிடுங்கள். ஒருவரைக் குறிக்கும் தனிச் சைகையான சைகைப் பெயரை நாமே வைத்துக்கொள்ளக் கூடாது, சமூகம் தரும் வரை காத்திருக்க வேண்டும்.

வேலைக்குப் போகும் நாளில் உடை, தோல் நிறத்துக்கு எதிர்நிறத்தில், பூவேலை இல்லாததாக இருக்கட்டும்: மாநிறத்துக்கும் கறுப்புக்கும் வெளிர்நிறம், வெள்ளைத் தோலுக்குக் கருநிறம். வளையல், கல் வைத்த மோதிரம், புதிதாக இட்ட மருதாணி எல்லாம் பார்ப்பவர் கண்ணை இழுக்கும். நீண்ட கூட்டமென்றால் இருவராகச் சென்று 15 முதல் 20 நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ள வேண்டும். அதைத் தாண்டினால் கை வலிப்பதற்கு முன்பே மூளை சொற்களை விழுங்கத் தொடங்கும். ஒருவரே போதும் என்று ஏற்பாட்டாளர் சொன்னால் காரணத்தை விளக்குங்கள்.

எங்கள் தேர்வு இது: முதலில் மவுண்ட்பேட்டன் ரோடு, கூடவே சமூகத்தில் இரண்டு மூன்று ஆண்டுப் பழக்கம். அதன் பிறகும் மொழிபெயர்ப்பே வேண்டுமென்றால் அமெரிக்கப் பட்டம். அதற்கு வசதியில்லாதவர் ஆசிரியப் பணியோடு சேர்த்துக்கொள்ளலாம்.

தமிழ் தெரிந்தவருக்கு ஒரு தனி வேலையும் காத்திருக்கிறது. தமிழ் மட்டும் பேசும் தாத்தாவும் சைகை மட்டும் அறிந்த பேரனும் மருத்துவமனையில் சந்திக்கும்போது ஆங்கிலம் வழியாகப் போகும் மொழிபெயர்ப்பு பாதியை இழக்கிறது. அதற்குப் பயிற்சி எளிது: தமிழ் வானொலியான ஒலி 96.8 செய்தியில் ஐந்து நிமிடத்தைக் கேட்டுக்கொண்டே நேரே சைகைக்கு மாற்றி, கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். மறுநாள் அதை ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள். செய்தியில் எது விடுபட்டது என்று உங்கள் கையே காட்டிக்கொடுக்கும்.