விண்கல் மழை பார்க்க 10×50 பைனாகுலர் வாங்கலாமா?

நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். விண்கல் விழுவதைப் பார்க்க பைனாகுலர் தேவையில்லை, வெறும் கண்தான் சிறந்தது. ஆனாலும் விண்கல் மழை பார்க்க இரவு முழுக்க உட்காரப்போகிறவர்கள் ஒரு 10×50 பைனாகுலரை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று உறுதியாகச் சொல்வேன். நான் பயன்படுத்துவது மிகச் சாதாரணமான ஒரு மாடல்தான், அதில் பார்த்ததை வைத்தே எழுதுகிறேன்.

முதலில் ஏன் தேவையில்லை என்பது. 10×50 என்றால் 10 மடங்கு பெரிதாக்கும், முன்பக்க லென்ஸ் 50 மில்லிமீட்டர் அகலம். இதன் வழியாக ஒரே பார்வையில் தெரிவது ஏறக்குறைய 6.5 டிகிரி வட்டம். தலைக்கு மேல் விரிந்திருக்கும் மொத்த வானத்தோடு ஒப்பிட்டால் அது 600-ல் ஒரு பங்குகூட வராது. ஆகஸ்ட் 12, 13 வாக்கில் உச்சம் தொடும் பெர்சீட் என்ற விண்கல் மழையின் துகள்கள் நொடிக்கு 59 கிலோமீட்டர் வேகத்தில் வளிமண்டலத்துக்குள் நுழைகின்றன, வானத்தில் எங்கே கோடு போடும் என்று யாராலும் சொல்ல முடியாது, பெரும்பாலானவை ஒரு நொடிக்குள் முடிந்துவிடும். அந்தச் சின்ன வட்டத்துக்குள் பார்த்துக்கொண்டே இருந்தால் அக்கம்பக்கத்தில் விழுகிற அத்தனையும் தவறிப்போகும். மல்லாந்து படுத்து முடிந்த அளவு பெரிய வானத்தைக் கண்ணுக்குள் வாங்குவதுதான் வழி.

அப்புறம் எதற்கு பைனாகுலர்? விண்கல் போன பிறகு நடப்பதைப் பார்க்க.

பிரகாசமான பெர்சீட் ஒன்று போனால் அதன் பாதையில் மெல்லிய ஒளிக்கோடு ஒன்று தங்கும். நவம்பர் 17 வாக்கில் வரும் லியோனிட் இன்னும் வேகமானது, நொடிக்கு 71 கிலோமீட்டர், அதில் இது இன்னும் அதிகம். வெறும் கண்ணுக்கு அந்தக் கோடு இரண்டு மூன்று நொடியில் மறைந்துவிடும். உடனே பைனாகுலரை அங்கே கொண்டுபோனால், முடிந்துவிட்டது என்று நினைத்தது முடியவே இல்லை! விண்கல்லிலிருந்து ஆவியான உலோக அணுக்கள் அங்குள்ள ஓசோனோடு வினைபுரிவதால் அந்த ஒளி நீடிக்கிறது, அபூர்வமாகச் சில நிமிடம்வரைகூட. 80, 100 கிலோமீட்டர் உயரத்தில் வீசும் காற்று ஒவ்வொரு அடுக்கிலும் வேறு வேறு திசையில் போவதால், நேராக இருந்த கோடு நம் கண்ணெதிரிலேயே வளைந்து, நெளிந்து, முடிச்சு விழுந்து, கலைந்து போகும். அவ்வளவு உயரத்துக் காற்றின் ஓட்டத்தை வீட்டு மாடியில் படுத்துக்கொண்டே பார்க்க முடிகிறது என்பதை இதைப் பார்க்கும் வரை நான் நம்பியிருக்க மாட்டேன். டிசம்பர் 13, 14-ல் வரும் ஜெமினிட் எண்ணிக்கையில் தாராளம், ஆனால் வேகம் 35 கிலோமீட்டர்தான், அதனால் இந்தத் தடம் அவ்வளவாகக் கிடைக்காது.

இதைப் பிடிக்க ஒரு பழக்கம் வேண்டும். இருட்டியதும் ஏதாவது ஒரு நட்சத்திரத்தைப் பார்த்து, அது கூர்மையான புள்ளியாகும் வரை ஃபோகஸ் செய்து அப்படியே விட்டுவிடுங்கள். மூடியைக் கழற்றி வையுங்கள். விண்கல் போனதும் கண்ணை அந்த இடத்திலிருந்து நகர்த்தாமல் பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவர வேண்டும், பைனாகுலரை வைத்துக்கொண்டு இடத்தைத் தேட ஆரம்பித்தால் தடம் போய்விடும்.

இன்னொரு பயன், காத்திருக்கும் நேரம். நல்ல இருட்டில் உச்ச இரவில்கூட நிமிடத்துக்கு ஒன்று கிடைத்தாலே அது நல்ல இரவு, அதுவும் சீராக வராது. பத்து நிமிடம் ஒன்றுமே இருக்காது, அடுத்தடுத்து மூன்று வரும். முதல் முறை வருகிறவர்கள் இந்த இடைவெளியில்தான் சலித்துப்போய் மொபைலை எடுப்பார்கள், எடுத்தால் இருட்டுக்குப் பழக 20, 30 நிமிடம் எடுத்துக்கொண்ட கண் திரும்ப முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதற்குப் பதில் கையில் இதைக் கொடுத்துவிடுங்கள்.

ஆகஸ்டில் பெர்சியஸ், காசியோபியா என்ற இரண்டு நட்சத்திர உருவங்களுக்கு நடுவில் இரட்டைக் கொத்து இருக்கிறது. கண்ணுக்குப் புகைபோலத் தெரிகிற அந்த இடம் சுமார் 7,500 ஒளியாண்டு தூரத்தில் இருக்கும் இரண்டு நட்சத்திரக் கூட்டங்கள். கொஞ்சம் தள்ளி ஆண்ட்ரோமெடா விண்மீன் மண்டலம், 25 லட்சம் ஒளியாண்டு, நீள்வட்டமான மங்கல் ஒளியாகத்தான் தெரியும், படங்களில் வருகிற சுருள் கைகளை எதிர்பார்க்காதீர்கள். டிசம்பர் என்றால் சொல்லவே வேண்டாம். வெறும் கண்ணுக்கு ஆறு நட்சத்திரமாகத் தெரியும் கார்த்திகைக் கூட்டம், பைனாகுலரில் டஜன் கணக்கில் வெண்ணீலமாக நிரம்பிவிடும், அதன் பக்கத்தில் ரோகிணியைச் சுற்றி இருக்கும் கொத்து, ஓரியனின் வாளில் நெபுலா என்கிற வாயு மேகம், ஜெமினியின் காலடியில் எம்35 என்ற நட்சத்திரக் கொத்து. எனக்கு இதில் கார்த்திகைக்கு மேல் எதுவும் இல்லை, பெரிய டெலஸ்கோப்பில் அது முழுசாகக் கூட அடங்காது.

சரி, வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும்? பைனாகுலரை ஒரு கை தூரத்தில் பிடித்து பகல் வெளிச்சத்தைப் பார்த்தால் கண் வைக்கும் லென்ஸில் ஒரு சிறு ஒளிவட்டம் தெரியும். 10×50-ல் அது 5 மில்லிமீட்டர். அது முழு வட்டமாக இருக்க வேண்டும், ஓரங்கள் வெட்டுப்பட்டுச் சதுரம்போலத் தெரிந்தால் வேண்டாம். உள்ளே இருக்கும் ப்ரிசம் பேக்-4 (BaK-4, ஒரு கண்ணாடி வகை) என்று போட்டிருந்தால் நல்லது. லென்ஸில் ரத்தச் சிவப்புப் பூச்சு இருப்பதையும், ஜூம் வைத்த மாடல்களையும் தவிர்த்துவிடுங்கள், இரவு வானத்துக்கு இரண்டுமே சரிவராது. ஒரு தூரத்து விளக்கை இரண்டு கண்ணாலும் பாருங்கள், இரண்டாகத் தெரிந்தாலோ கண் இழுத்தாலோ கடையிலேயே வைத்துவிட்டு வந்துவிடலாம்.

கண்ணாடி போடுகிறவர்களுக்கு ஒன்று. கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஃபோகஸ் செய்துகொள்ளலாம் என்று பலர் சொல்வார்கள். பறவை பார்க்க அது சரி. இங்கே கண்ணாடி இல்லாமல் விண்கல்லையே பார்க்க முடியாது, தடம் தெரியும் அந்தச் சில நொடியில் கழற்றி மாட்டிக்கொண்டிருக்கவும் முடியாது. அதனால் கண்ணாடியோடே பார்க்க வசதியாக, கண்ணுக்கும் லென்ஸுக்கும் 15 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி தரும் மாடலாகத் தேடுங்கள்.

குறைகளும் உண்டு. எடை ஒரு கிலோவை நெருங்குகிறது, நின்றுகொண்டு அண்ணாந்து பார்த்தால் கை நடுங்கி நட்சத்திரம் எல்லாம் ஆட்டம் போடும். சாய்வு நாற்காலியில் படுத்து முழங்கையைக் கைப்பிடியில் ஊன்றினால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். குழந்தைகளுக்கும் கை வலிக்கிறவர்களுக்கும் 8×42 நல்லது, ஒளி கொஞ்சம் குறையும், ஆனால் இலகு. 15×70 ஆசை காட்டும், ஸ்டாண்ட் இல்லாமல் அது அசையாமல் நிற்காது, தடம் தெரிந்த இடத்துக்குச் சட்டென்று தூக்கவும் முடியாது.

பனி இன்னொரு தொல்லை. நள்ளிரவுக்குப் பிறகு லென்ஸ் மங்கிவிடும், அதைத் துணியால் துடைக்காதீர்கள், பூச்சு கீறிவிடும். பார்க்காத நேரம் சட்டைக்குள்ளோ போர்வைக்குள்ளோ வைத்திருந்தால் பெரும்பாலும் மங்காது. மங்கிவிட்டால் தானாகக் காயட்டும், காய்ந்த பிறகே மூடி போடுங்கள்.

விண்கற்கள் பெரும்பாலும் பின்னிரவில்தான் அதிகம் என்பதால் விடியும் வரை உட்காருவோம். வெளுக்க ஆரம்பித்ததும் முதல் வேலையாக பைனாகுலரைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிடுங்கள். கூட வந்த குழந்தை விளையாட்டாக எடுத்து சூரியன் பக்கம் திருப்பினால் கண் நிரந்தரமாகப் போய்விடும்.