ஜே.சி. ரோடு வீல் கப்: திருப்பிப் பார்த்து வாங்குங்க

கார் உதிரிபாகக் கடைகள் நிறைந்த பெங்களூரு ஜே.சி. ரோட்டில் வீல் கப் (சக்கரத்தின் ரிம்மை மூடும் பிளாஸ்டிக் மூடி) கேட்டால் கடைப்பையன் பளபளவென்று முன்பக்கத்தைத்தான் காட்டுவான். (தமிழிலேயே பேரம் பேசலாம், பயமில்லை.) வாங்கித் திருப்பிப் பாருங்கள். தரம் தெரிவது பின்பக்கத்தில்தான்.

எந்தக் காருக்கும் பொதுவாக விற்கும் விலை குறைந்த யூனிவர்சல் செட்டுகளில் பல ஏபிஎஸ் பிளாஸ்டிக். பெயின்ட் அழகாக நிற்கும். ஆனால் ரிம்மைப் பிடிக்கும் கிளிப் வளையாது, குழியில் இறங்கினால் பட்டென்று உடையும். பின்னால் 'பிபி' என்று பதிந்திருந்தால் அது பாலிபுரோபிலின். மினுமினுப்பு கம்மி, வளைந்து நிமிரும். நம்ம ரோட்டுக்கு அதுதான் சரி. சைஸை டயரிலேயே பார்க்கலாம்: 165/80 ஆர்14 என்றிருந்தால் 14 இஞ்ச். இது ஸ்டீல் ரிம்முக்கு மட்டும். அலாய் வீலில் கிளிப் பிடிக்க விளிம்பு கிடையாது.

மாட்டுவதில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். பின்னாலிருக்கும் கம்பி ரிங்கில் ஓர் இடம் மட்டும் வளைந்திருக்கும். அது காற்றடிக்கும் வால்வுக்கான இடம். அங்கே முதலில் பொருத்தி, இரண்டு பக்கமும் உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே போய், எதிர்ப்பக்கத்தைக் கடைசியில் தட்டுங்கள். ரிங் வால்வை ஒருபக்கமாகத் தள்ளிக்கொண்டிருந்தால் காற்று மெதுவாக இறங்கும். பழி பஞ்சர் மேல் விழும். ரிம் ஓரத்தில் பெரிய பேலன்சிங் வெயிட் (சக்கரம் ஆடாமல் சுழல மாட்டும் உலோகத் துண்டு) இருந்தால் அந்த இடத்தில் கப் தூக்கிக்கொண்டே நிற்கும். அப்படியே ஓட்டினால் கழன்றுவிடும்.

கூடுதல் பாதுகாப்புக்கு வீலுக்கு இரண்டு கேபிள் டை (இழுத்துப் பூட்டும் பிளாஸ்டிக் பட்டை), எதிரெதிராக, ரிம் ஓட்டை வழியாக. வாலை ஒட்ட நறுக்கி, தலையை வெளிப்பக்கமே வையுங்கள். உள்ளே போனால் பிரேக்கின் பாகமான காலிப்பரில் உரசும். பஞ்சர் கடையில் ஸ்க்ரூடிரைவர் போட்டு நெம்ப விடாதீர்கள், கிளிப் போவது பெரும்பாலும் அங்கேதான். டை போட்டிருந்தால் அதை நறுக்கிவிட்டு, விரல் விட்டு இழுத்தாலே வரும்.

மழைக்காலத்தில் கப்புக்குப் பின்னால் சேறு சேர்ந்து காயும். அது ஒருபக்கமாகப் பிடித்துக்கொண்டால் வேகத்தில் ஸ்டியரிங் ஆடும். அலைன்மென்டுக்குக் காசு கொடுக்கும் முன் கப்பைக் கழற்றிக் கழுவிப் பாருங்கள்.

யூனிவர்சல் பெரும்பாலும் நாலாகத்தான் கிடைக்கும். ஒன்று தொலைந்தால் அதே டிசைன் திரும்பக் கிடைப்பது சந்தேகம். கம்பெனி ஒரிஜினல் விலை கூடுதல்தான், ஆனால் ஒற்றையாக வாங்கலாம், ரிம்மிலும் கச்சிதமாக உட்காரும். தினமும் சில்க் போர்டு ஜங்ஷன், ஹோசூர் ரோடு என்று ஓடும் வண்டிக்கு ஒரிஜினல்தான் கட்டுப்படியாகும்.