ஸ்ரீகாந்த் மைக் பிடித்தால்: மும்பைத் தமிழர்களுக்கு தமிழ் கிரிக்கெட் வர்ணனை

2017-ல் ஸ்டார் ஸ்போர்ட்ஸ் தமிழ் வந்த பிறகு, மாட்டுங்காவிலும் தாராவியிலும் செம்பூரிலும் இந்தி வர்ணனைதான் கதி என்ற நிலைமை போய்விட்டது. அதில் இந்திய அணியின் முன்னாள் தொடக்க ஆட்டக்காரர் கிருஷ்ணமாச்சாரி ஸ்ரீகாந்த் பேசும் ஆட்டங்களைத் தேடிப்பிடித்துக் கேட்கலாம்.

மனதில் பட்டதைப் பட்டென்று போட்டு உடைப்பவர். அந்தப் பேச்சுக்குப் பின்னால் சரக்கு இருக்கிறது. 1981-ல் இதே மும்பையின் வான்கடே மைதானத்தில்தான் முதல் டெஸ்ட் ஆடினார். 1983 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் இரு அணியிலும் சேர்த்து அதிகபட்சம் அவர் அடித்த 38 ரன். 1989-ல் பாகிஸ்தான் போய் நான்கு டெஸ்டையும் டிரா செய்து வந்தும் கேப்டன் பதவி போனது, அணியில் இடமும் போனது. பிறகு 2008 முதல் 2012 வரை தேர்வுக் குழுத் தலைவர். 2011-ல் வான்கடேயில் கோப்பையைத் தூக்கிய அணியைத் தேர்ந்தெடுத்தது அவருடைய குழுதான். நீக்கப்பட்டவராகவும் நீக்குபவராகவும் இருந்தவர் என்பதால், ஒருவரை ஏன் வெளியே உட்கார வைத்தார்கள் என்று அவர் கேட்டால் காது கொடுக்கத் தோன்றுகிறது. டாஸுக்கு முந்தைய நிகழ்ச்சியைத் தவறவிடாதீர்கள்.

இருபது ஓவர் ஆட்டத்தில் அவர் ஜொலிப்பது முதல் ஆறு ஓவர். வட்டத்துக்கு வெளியே இரண்டே ஃபீல்டர்கள். தொடக்க ஆட்டக்காரர் எந்த இடைவெளியைக் குறிவைக்கிறார், முன்கால் எவ்வளவு விலகுகிறது என்பதை அதே வேலையைச் செய்த கண்ணோடு சொல்கிறார். மெட்ராஸ் தமிழும் ஆங்கிலமும் கலந்த பேச்சு என்பதால், தமிழ் படிக்கத் தெரியாத மும்பைப் பிள்ளைகளுக்கும் புரிகிறது.

கடைசி நான்கு ஓவர்தான் சிக்கல். பந்துக்குப் பந்து ஃபீல்டிங் மாறும் நேரம் அது. பரபரப்பில் அவர் குரலும் கூட இருப்பவர் குரலும் மோதிக்கொள்ள, டீப் மிட்விக்கெட்டில் நின்ற ஃபீல்டரை எங்கே நகர்த்தினார்கள் என்பது காதுக்கு வராது. திரையைப் பார்ப்பவர்களுக்குப் பரவாயில்லை. அடுப்படியில் நின்று காதால் மட்டும் கேட்பவர்களுக்கு ஸ்கோரே தப்பிவிடும்.

மும்பையில் கிடைக்கும் அடிப்படை பேக்குகளில் பெரும்பாலும் இந்தி, மராத்தி சேனல்கள்தான் இருக்கும். கேபிள்வாலாவிடம் தமிழ் ஸ்போர்ட்ஸ் சேனலைப் பெயர் சொல்லித் தனியாகச் சேர்க்கச் சொல்லுங்கள். மொத்தத் தமிழ் பேக் வாங்கத் தேவையில்லை. ஹெச்டி வேண்டுமா சாதாரணமா என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். ஆப்பில் பார்ப்பவர்கள் நேரலை ஓடும்போது திரையைத் தொட்டு, மொழித் தேர்வில் தமிழை அழுத்தினால் போதும்.

டிவியை மியூட் செய்து, போனில் தமிழ் ஒலியை மட்டும் வைத்துக்கொள்ளும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. அது சரிப்பட்டு வராது. இணைய ஒளிபரப்பு துண்டு துண்டாகச் சேமித்து ஓடுவதால் டிவிக்குப் பின்னால்தான் வரும். விக்கெட் விழுந்து பேட்ஸ்மேன் கிளம்பிய பிறகுதான் ஸ்ரீகாந்த் கத்துவார். ஆப்பையே டிவியில் போட்டுவிடுங்கள். நேரலையை நிறுத்தி வைக்கும் வசதி உள்ள செட்டாப் பாக்ஸ் என்றால், படத்தை பாஸ் செய்து, மட்டையில் பந்து படும் சத்தம் படத்தோடு சேரும் இடத்தில் மறுபடி ஓடவிடுங்கள்.