உயூனி ஜீப் சுற்றுலா: முழுப் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

பொலிவியாவின் உயூனி உப்புவெளிக்குப் போகத் திட்டமிடுகிறவர்கள், அங்கே விற்கப்படும் மூன்று நாள் ஜீப் சுற்றுலாவுக்குப் பணம் கட்டும் முன் எங்களுக்கு நடந்ததைத் தெரிந்துகொள்ளுங்கள். நானும் என் மனைவியும் முழுத் தொகையையும் கொடுத்தோம். சொன்னதில் பாதிகூடக் கிடைக்கவில்லை.

உயூனி சின்ன ஊர். திரும்பிய பக்கமெல்லாம் சுற்றுலா அலுவலகங்கள். நாங்கள் நுழைந்த அலுவலகத்தில் ஒரு பெண் வரைபடத்தை விரித்து, நீலப் பேனாவால் ஒவ்வோர் இடமாக வட்டமிட்டுக் காட்டினார்: ரயில்களின் கல்லறை, உப்பைப் பதப்படுத்தும் கொல்சானி கிராமம், உப்புவெளி நடுவே இருக்கும் இன்காவாசி தீவு, செந்நிற ஏரி லகுனா கொலராடா, பொல்கேஸ் வெந்நீர் ஊற்று, கடைசியாக லிக்கன்கபூர் எரிமலை அடிவாரத்தில் இருக்கும் பச்சை ஏரி லகுனா வெர்டே. ஆங்கிலம் பேசும் வழிகாட்டி, சைவச் சாப்பாடு, வண்டியில் ஆக்சிஜன் சிலிண்டர் எல்லாம் உண்டு என்றார். ரசீதில் எழுதியதோ, 'மூன்று நாள் சுற்றுலா, இருவர்' என்ற ஒரே வரி.

மறுநாள் காலையில் வேறொரு நிறுவனத்தின் பெயர் ஒட்டிய வண்டி வந்து நின்றது. ஆள் சேராவிட்டால் பயணிகளை இன்னொரு நிறுவனத்துக்குத் தள்ளிவிடுவது அங்கே வழக்கமாம். டிரைவருக்கு ஸ்பானிஷ் மட்டுமே தெரியும். வழிகாட்டி என்று யாரும் இல்லை. பின் இருக்கையில் சீட் பெல்ட்டும் இல்லை. மதியச் சாப்பாட்டில், தட்டிலிருந்த கோழித் துண்டை எடுத்துவிட்டு அதே தட்டை என் மனைவியிடம் நீட்டினார்கள். அதன்பின் அவர் வெறும் சோறும் வேகவைத்த உருளைக்கிழங்கும்தான் சாப்பிட்டார். இன்காவாசியிலும், எதுவார்தோ அவாரோவா தேசியக் காப்பகத்தின் வாசலிலும் தனியாக நுழைவுக் கட்டணம் கேட்டார்கள். காப்பகத்தில் மட்டும் ஆளுக்கு 150 பொலிவியானோ, ரொக்கமாக. எல்லாம் சேர்த்துத்தான் விலை என்று சொல்லி விற்றிருந்தார்கள்.

உப்புவெளியைக் குறை சொல்ல மாட்டேன். 10,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்த வெள்ளைத் தரை, மழையில்லாத மாதங்களில் காய்ந்த உப்பு அறுகோணம் அறுகோணமாக வெடித்து, விளிம்பு மட்டும் மேலெழுந்து நிற்கும். லகுனா கொலராடாவின் செந்நீரில் மேயும் பூநாரைகளையும் எங்களால் மறக்க முடியாது. ஆனால் அன்றிரவு தங்கியது கிட்டத்தட்ட 4,300 மீட்டர் உயரத்தில். என் மனைவிக்குத் தலைவலியும் வாந்தியும் வந்தன. சிலிண்டரைக் கேட்டபோது டிரைவர் கையை விரித்தார். உடன் வந்த பயணி ஒருவர் தந்த மாத்திரையோடு விடியும்வரை உட்கார்ந்திருந்தோம். எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட ஆத்திரம் வந்தது இதற்காகத்தான்.

மூன்றாம் நாள் பொல்கேஸில், சிலிக்குப் போகும் பயணிகளை வேறு வண்டியில் ஏற்றிவிட்டு, டிரைவர் எங்கள் ஜீப்பை உயூனி பக்கம் திருப்பினார். லகுனா வெர்டே சிலி எல்லைக்குப் போகும் வழியில் இருக்கிறது. வட்டமிட்ட வரைபடத்தைக் காட்டினேன். "அங்கே போனால் இருட்டுவதற்குள் ஊர் போய்ச் சேர முடியாது" என்றார். மாலை நான்கு மணிக்கு, நல்ல வெயிலில் எங்களை ஊரில் இறக்கிவிட்டார்.

அலுவலகப் பெண் வண்டிக்காரரைக் கேட்கச் சொன்னார். வண்டிக்காரரின் அலுவலகத்திலோ, "அந்த ஏரி எங்கள் திட்டத்திலேயே இல்லை, ரசீதில் எங்கே எழுதியிருக்கிறது?" என்றார்கள். ஒரு காசுகூடத் திரும்பவில்லை. அன்றிரவே லா பாஸ் பஸ்ஸுக்கு டிக்கெட் வைத்திருப்பவர்கள் நின்று சண்டை போட மாட்டார்கள் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

ஆகவே இடங்களின் பெயர்களை ஒவ்வொன்றாக ரசீதில் எழுதி வாங்குங்கள். வண்டி யாருடையது, நுழைவுக் கட்டணம் யார் கொடுப்பது என்பதும் அதில் இருக்கட்டும். புறப்படும் முன் சிலிண்டரையும் உபரி டயரையும் கண்ணால் பாருங்கள். டிரைவரிடம் மது வாடை வந்தால் ஏறவே ஏறாதீர்கள். டிசம்பர் முதல் மார்ச் வரை மழைநீர் தேங்கினால் இன்காவாசிக்கு வண்டி போகாது. அப்போதும் அதைக் காட்டி விற்பார்கள். லகுனா வெர்டேயைப் பார்த்தே ஆகவேண்டும் என்றால், சிலியின் சான் பெத்ரோ டி அட்டகாமாவில் முடியும் பயணத்தை எடுங்கள். சிலி விசாவைப் பற்றி நம் ஊரிலிருந்து கிளம்பும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். மலை உயரத்தில் வரும் தலைவலிக்காக மெல்லும் கோக்கா இலையும் பழங்களும் பையில் இருந்தால் எல்லைக்கு முன்பே தீர்த்துவிடுங்கள். சிலிக்குள் அவற்றை விட மாட்டார்கள்.