தீபாவளி சரக்கைக் கடனுக்குக் கேட்டு வரும் பார்ட்டி: 30 நாள் கணக்கை மறந்துவிடாதீர்கள்

பழைய வண்ணாரப்பேட்டை, எம்.சி. ரோடு பக்கம் நைட்டி, சுடிதார் தைத்துக் கடைகளுக்குப் போடுகிற சின்ன யூனிட்காரர்கள் இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். என் தம்பிக்கு நடந்தது. அவனிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

புறநகரில் இரண்டு கடை இருப்பதாகச் சொல்லிக்கொண்டு ஒருவர் வந்தார். முதல் ஆர்டர் சின்னது, கையோடு காசு. அடுத்ததும் அப்படித்தான், பேரம்கூடப் பெரிதாகப் பேசவில்லை. பிறகு தீபாவளிக்கென்று பெரிய லாட் கேட்டார். கொஞ்சம் அட்வான்ஸ், மீதிக்குப் பின்தேதி போட்ட இரண்டு செக். தம்பி துணியைக் கடனில் எடுத்து, ஆட்களுக்கு ஓவர்டைம் கொடுத்து, ராப்பகலாகத் தைத்து அனுப்பினான். முதல் செக் பவுன்ஸ் ஆனது.

அசல் வேலை அதற்குப் பிறகுதான் ஆரம்பம். அவர் ஓடி ஒளியவில்லை. ஒவ்வொரு தடவையும் போனை எடுத்தார். "தம்பி, வக்கீல் அது இதுன்னு போயிடாதீங்க, நம்ம ரெண்டு பேர் பேரும் கெட்டுடும். வெள்ளிக்கிழமை கேஷாவே குடுத்துடறேன்" என்பார். வெள்ளிக்கிழமைகள் வந்து போய்க்கொண்டிருந்தன. செக் திரும்பிய தகவல் வங்கியிலிருந்து கிடைத்த 30 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் அனுப்பினால்தான் செக் பவுன்ஸுக்கான மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138ஆவது பிரிவில் வழக்குப் போட முடியும். அந்த 30 நாளும் கழியட்டும் என்றுதான் அத்தனை இனிப்பாகப் பேசியிருக்கிறார். இது எனக்குப் பின்னால்தான் விளங்கியது.

தம்பி வீட்டில் வாயே திறக்கவில்லை. பழைய பில் புக்கைப் புரட்டும்போது அவன் மனைவி கையில்தான் அந்த ரிட்டர்ன் மெமோ, அதாவது செக் திரும்பியதற்கு பேங்க் கொடுத்த சீட்டு, சிக்கியது. நாலாக மடித்து, மடிப்பு கிழியும் அளவுக்கு எடுத்து எடுத்துப் பார்த்திருக்கிறான். 'போதிய பணம் இல்லை' என்ற காரணத்துக்கு நேராக ஒரு டிக். அதன் பின்னாலேயே இரண்டாவது செக். அதுவும் திரும்பிவிடுமோ என்ற பயத்தில் பேங்கில் போடவே இல்லை.

"நாந்தான்க்கா ஏமாந்தேன். அந்த ஆளைச் சொல்லி என்ன பிரயோஜனம்? இத்தனை வருஷம் தொழில் பண்ணியும் ஒரு மனுஷனை எடைபோடத் தெரியலையே" என்று தலையில் அடித்துக்கொண்டான். யூனிட் பக்கம் போவதையே நிறுத்தியிருந்தான். ஆட்கள் வேலையில்லாமல் வந்து திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு அவன்மேல் கோபமே வரவில்லை. கடன் கொடுக்காமல் இந்த வியாபாரத்தில் யார் இருக்கிறார்கள்? நமக்குத் துணி வருவதே கடனில்தான். பெரிய லாட் கொடுக்கும்முன் விசாரிக்காதது பிழை. அதை ஒத்துக்கொண்டு அடுத்த தடவை திருத்திக்கொள்ளலாம். அவன் செய்தது தன்னையே கூண்டில் ஏற்றித் தினமும் விசாரித்ததுதான். அந்த அவமானம்தான் மோசக்காரருக்கு முதலீடு. நம் ஆள் வெளியே சொல்லமாட்டான் என்று தெரிந்தே இறங்குகிறார்கள்.

வக்கீலிடம் இழுத்துக்கொண்டு போனேன். அவர் முதலில் கேட்டது, "செக்குல என்ன தேதி?" செக் தேதியிலிருந்து மூன்று மாதம் செல்லும். அதற்குள் மறுபடி போட்டு, மறுபடி திரும்பினால், அந்தத் தேதியிலிருந்து புதிதாக 30 நாள் கிடைக்கும். உச்ச நீதிமன்றமே 2012இல் அப்படித் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. முதல் செக்குக்கும் இன்னும் சில நாள் மிச்சமிருந்தது. இரண்டையும் போட்டோம், இரண்டும் திரும்பின. உடனே நோட்டீஸ். கிடைத்த 15 நாளுக்குள் அவர் பணம் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அதன்பின் ஒரு மாதத்துக்குள் புகார். அதையும் செய்துவிட்டோம். பணம் இன்னும் வரவில்லை. தம்பி மட்டும் யூனிட்டைத் திறந்துவிட்டான். ஷட்டரைத் தூக்கும் முன் கொஞ்ச நேரம் நின்றான், நானும் பேசாமல் கூடவே நின்றேன்.

சரக்கு கைமாறும் முன் செய்யவேண்டியது இது. பார்ட்டி தரும் ஜிஎஸ்டி எண்ணை ஜிஎஸ்டி தளத்தில் போட்டுப் பாருங்கள், காசு செலவில்லை. பதிவு எப்போது வாங்கியது, ரத்தாகியிருக்கிறதா, ரிட்டர்ன் ஒழுங்காகப் போடுகிறார்களா எல்லாம் தெரியும். தமிழ்நாட்டு எண் 33இல் ஆரம்பிக்கும். டெலிவரி சலானில் வாங்கியவர் கையெழுத்தும் கடை முத்திரையும் இல்லாமல் வண்டியைத் திருப்பாதீர்கள், கோர்ட்டில் அந்தத் தாள்தான் பேசும்.

தைத்துக் கொடுப்பவர்கள் சிறுதொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவை இன்றைக்கே எடுத்துவிடுங்கள், அதுவும் இலவசம். 2006ஆம் ஆண்டு எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) சட்டப்படி, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் வாங்கியவர் 45 நாளுக்கு மேல் பணத்தை இழுக்கக்கூடாது. இழுத்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் 'பேங்க் ரேட்' என்ற வட்டி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் கூட்டு வட்டி. சரக்குப் போன பிறகு பதிவு எடுத்தால் சிக்கல் வரும்.

வக்கீல் ஃபீஸுக்கு வழியில்லை என்று யாரும் உட்கார்ந்துவிட வேண்டாம். சட்ட உதவிக்கு 15100க்கு போன் பண்ணலாம், மாநில சட்டப்பணிகள் ஆணைக்குழு ஹைகோர்ட் வளாகத்திலேயே இருக்கிறது. பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு. யூனிட் உங்கள் பெயரில் இருந்தால் மெமோவையும் செக்கையும் எடுத்துக்கொண்டு நீங்களே போங்கள்.