பரீட்சை இல்லாத படிப்பு, ரெண்டு வருஷ அனுபவம்

ரிட்டயர் ஆனவங்களுக்கான படிப்பு மையம் ஒண்ணுல நானும் அக்காவும் சேர்ந்து ரெண்டு வருஷம் ஆகப்போகுது, "இந்த வயசுல சர்டிபிகேட் வாங்கி என்ன பண்ணப் போறீங்க"ன்னு கேக்கறவங்க நிறைய இருக்காங்க, அதான் எழுதறேன். சர்டிபிகேட்டே கிடையாதுங்க. பரீட்சை இல்ல, மார்க் இல்ல, நீங்க எது வரைக்கும் படிச்சீங்கன்னு ஒருத்தரும் கேக்கறதில்ல. பிடிச்ச வகுப்புல பேர் குடுக்கணும், போய் உக்காரணும், அவ்ளோதான்.

வகுப்பு ரெண்டு விதம். ஒண்ணு பெரிய ஹால்ல லெக்சர், வெளியில இருந்து புரொபசர் யாராவது வந்து பேசுவாங்க. இன்னொண்ணு ஸ்டடி குரூப், பன்னெண்டு பதினஞ்சு பேர் வட்டமா உக்காந்து நம்மள்லயே ஒருத்தர் நடத்தறது. சேரும்போது எல்லாரும் லெக்சருக்குத்தான் ஓடுவாங்க, நானும் ஓடினேன், இப்போ கேட்டா ஸ்டடி குரூப்தான் உசத்தின்னு கண்ண மூடிட்டு சொல்வேன்.

எப்படின்னா, ஒரு குரூப்ப நடத்தினவர் நாப்பது வருஷம் வாட்ச் ரிப்பேர் பண்ணவர். மேடையில நின்னு பேசிப் பழக்கமில்லாதவர், முதல் நாள் குரலே வெளிய வரல. பழைய சாவி குடுக்கற வாட்ச் ஒண்ணோட பின்மூடியக் கழட்டி, மேல ஒரு ஸ்டாண்டுல செல்போன மாட்டி அத டிவியில போட்டுக் காமிச்சார். பேலன்ஸ் வீல்னு ஒரு குட்டிச் சக்கரம் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் சுத்துது, தலைமுடி மாதிரி ஒரு ஸ்பிரிங் சுருங்கி விரியுது. அக்கா என் கையப் புடிச்சு "மூச்சு விடற மாதிரி இருக்குடி"ன்னா. மணிக்கு 18,000 டிக், அப்போ செகண்டுக்கு அஞ்சுன்னு அவர் சொன்னதும் எல்லாரும் காதுல வெச்சு எண்ணிப் பாக்க ஆரம்பிச்சிட்டோம். "வெயில் காலத்துல எங்க அப்பா வாட்ச் ஏன் லேட்டா ஓடும்"னு ஒருத்தர் கேட்டார், சூட்டுல பழைய இரும்பு ஸ்பிரிங் தளர்ந்துடும்னு இவர் சொல்ல, பக்கத்துல இருந்த ஃபிசிக்ஸ் டீச்சரம்மா அது ஏன்னு எடுத்துக்க, ஒரு மணி நேர வகுப்பு ரெண்டு மணி நேரம் போச்சு, யாருக்கும் எந்திரிக்க மனசில்ல.

லெக்சர், ஸ்டடி குரூப்னு இந்த ரெண்டு விதத்துக்கும் தனித்தனி வரலாறு இருக்கு. 1973ல பிரான்ஸ்ல துலூஸ்ல பியர் வெல்லாஸ்னு ஒரு புரொபசர் ஆரம்பிச்சது முதல் வகை, யுனிவர்சிட்டியே வயசானவங்களுக்குப் பாடம் நடத்தறது. 1980கள் தொடக்கத்துல பிரிட்டனுக்கு வந்தப்போ பீட்டர் லாஸ்லெட், மைக்கேல் யங், எரிக் மிட்வின்டர் மூணு பேரும் சேர்ந்து அத மாத்தினாங்க, தெரிஞ்சவங்க தெரியாதவங்களுக்கு சம்பளம் இல்லாம சொல்லிக் குடுக்கணும், இன்னிக்கு டீச்சர் நாளைக்கு ஸ்டூடண்ட், அதான் ரெண்டாவது வகை. அமெரிக்காவுல ஓஷர் ஃபவுண்டேஷன் உதவியில நடக்கற மையங்கள் மட்டும் 120க்கு மேல, 50 வயசு தாண்டினவங்களுக்காக, எல்லாம் ஏதோ ஒரு யுனிவர்சிட்டியோட ஒட்டினது.

இப்போ குறை. அக்காவுக்கு 74 வயசு, ரெண்டு காதுலயும் மெஷின். ஹால்ல மைக் இருக்கு, ஆனா பேச வர்றவங்கள்ல பாதிப் பேர் "எனக்கு மைக் வேண்டாம், குரல் நல்லா கேக்கும்"னு தள்ளி வெச்சிடறாங்க. யாருக்குக் கேக்கும்? முன்னாடி ரெண்டு வரிசைக்குக் கேக்கும். பின்னாடி இருந்து யாராவது கேள்வி கேட்டா அத மைக்ல திருப்பிச் சொல்லாமலே பதில் சொல்றாங்க, அக்காவுக்குக் கேள்வி தெரியாம பதில் மட்டும் காதுல விழும். மூணு மாசம் பொறுத்துப் பாத்துட்டு ஒரு நாள் "நீ போய்ட்டு வா"ன்னுட்டா, அன்னிக்கு நான் தனியா போய் உக்காந்தப்போ தொண்டை அடைச்சுது. காது மெஷினுக்கு நேரா சத்தம் அனுப்பற லூப் வயர் அந்த ஹால்ல ஏற்கனவே போட்டிருக்கு, மெஷின்ல டி ஸ்விட்ச் இருந்தா போதும், ஆனா மைக்ல பேசினாத்தானே அது வேலை செய்யும். ஆபீஸ்ல எழுதிக் குடுத்தேன், ரெண்டு தடவ. நடத்தறவங்களுக்கு ஒரு வரி சொல்லி வெச்சா தீர்ற விஷயம் இது, இன்னும் தீரல. வாட்ச் குரூப்புக்கு நான் கெஞ்சிக் கூட்டிட்டுப் போனதுலதான் அக்கா திரும்ப வர ஆரம்பிச்சா, வட்டமா உக்காந்தா எல்லார் வாயும் தெரியுது இல்லையா.

பேர் பதியறது ஆன்லைன்ல மட்டும்தான், நல்ல குரூப் எல்லாம் அரை மணி நேரத்துல நிறைஞ்சிடும், போன்ல பழக்கமில்லாதவங்க வெயிட்டிங் லிஸ்ட்ல நிக்கறாங்க. இதுவும் மாறணும்.

அஞ்சுக்கு நாலு ஸ்டார் குடுக்கறேன், குறைச்ச அந்த ஒண்ணு முழுக்க மைக்குக்காக. உங்க பக்கத்துல இப்படி ஒரு இடம் இருந்து அப்பா அம்மாவ சேக்கறதா இருந்தா, பாட லிஸ்ட் பாக்கறதுக்கு முன்னாடி வகுப்பு நடக்கும்போது ஒரு தடவ உள்ள போய்க் கடைசி வரிசையில உக்காந்து பாருங்க.