ஈரக் கையும் மெல்லிய பிளேடும்: எந்த ரேசரில் மாற்றுவது சுலபம்?

ரேசரைப் பற்றிப் பேசுகிறவர்கள் சவரம் எவ்வளவு மழமழவென்று வருகிறது, கைப்பிடி எவ்வளவு கனம் என்றுதான் பேசுகிறார்கள். பிளேடு மாற்றுகிற அந்த ஒரு நிமிடத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. என் கட்டைவிரலில் கோடு மாதிரி ஒரு தழும்பு இருக்கிறது. அது தாடையை மழிக்கும்போது வந்ததல்ல. அரைத்தூக்கத்தில், நுரை கழுவாத கையோடு பழைய பிளேடை உருவப் போய் வந்தது. அன்றிலிருந்து எந்த ரேசரைக் கையில் எடுத்தாலும் முதலில் தலையைக் கழற்றிப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது.

நாம் வழக்கமாகப் பார்க்கிற இருபக்க பிளேடு சுமார் 43 மில்லிமீட்டர் நீளம், 22 மில்லிமீட்டர் அகலம், 0.1 மில்லிமீட்டர் தடிமன். நீளவாக்கில் இருக்கும் இரண்டு ஓரமும் கூர், குறுக்கே இருக்கும் இரண்டு முனையும் மொட்டை. இது எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் ரேசர் வடிவமைப்பின் பாதிக் கதை இதில்தான் இருக்கிறது: ரேசரைத் திறந்ததும் விரல் தானாக எங்கே போகிறது, மொட்டை முனைக்கா, கூர் ஓரத்துக்கா? எத்தனை பாகம், எத்தனை திருகு, எத்தனை நொடி என்பதெல்லாம் அப்புறம்.

முதலில் மூன்று துண்டு ரேசர். மூடி, அடித்தகடு, கைப்பிடி. கிங் கேம்ப் ஜில்லெட் 1904ல் காப்புரிமை வாங்கிய ரேசரும் இந்த ஏற்பாடுதான், இன்றும் கடைகளில் அதிகம் தென்படுவதும் இதுதான். (1903ல், விற்பனையின் முதல் ஆண்டில், போனது வெறும் 51 ரேசரும் 168 பிளேடும் என்பது இந்தக் கதையில் எனக்குப் பிடித்த கணக்கு. மறு ஆண்டிலேயே அது பல்லாயிரமாகிவிட்டது.) மூடியின் அடியில் நடுவே ஒரு மரைக்கம்பி, பக்கத்தில் இரண்டு குட்டி முளைகள். பிளேடு அவற்றில் உட்காரும், மேலே தகடு வரும், கைப்பிடியைத் திருகினால் மூன்றும் இறுகும். இறுகும்போது பிளேடு மூடியின் வளைவுக்கு ஏற்ப வளைகிறது, வளைந்த மெல்லிய எஃகு நேராக இருப்பதைவிட விறைப்பாக நிற்கும், அதனால் சவரத்தின்போது ஓரம் அதிகம் அதிராது. உடைவதற்கோ அடைப்பதற்கோ எதுவும் இல்லை. எல்லாவற்றையும் தனித்தனியாகக் கழுவலாம்.

குறை என்னவென்றால், கழற்றியதும் கையில் நான்கு பொருள் இருக்கும், நமக்கோ இரண்டு கைதான். அதிலும் ஒன்று ஈரம். இன்னொரு தொல்லை, ஈரமான பிளேடு மூடியோடு ஒட்டிக்கொள்ளும். நடுவில் இருக்கும் மெல்லிய நீர்ப்படலம் இரண்டு கண்ணாடித் துண்டுகளை ஒட்டவைப்பது போலப் பிடித்துக்கொள்கிறது, கவிழ்த்தாலும் விழாது. இந்த இடத்தில்தான் மூடியின் நீளம் முக்கியமாகிறது. சில ரேசர்களில் மூடி கொஞ்சம் குட்டையாக இருக்கும், பிளேடின் மொட்டை முனைகள் இரண்டு பக்கமும் துருத்திக்கொண்டு நிற்கும். பார்க்க அவ்வளவு அழகில்லை, மூக்குக்குக் கீழே மழிக்கும்போது சிலருக்கு இடைஞ்சல்கூட. ஆனால் பிளேடு மாற்றும்போது அந்தத் துருத்தல்தான் பிடி. இரண்டு விரலால் முனைகளைப் பிடித்துத் தூக்கினால் முடிந்தது. முனைகளை முழுக்க மூடுகிற வழுவழுப்பான மூடி பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் ஒட்டிய பிளேடை எடுக்க நகம் போகும் ஒரே இடம் கூர் ஓரம்தான். என் தழும்பு அப்படிப்பட்ட மூடியால் வந்தது.

இன்னொன்று, மூன்று துண்டு ரேசரில் பிளேடை ஒவ்வொரு முறையும் நாம்தான் நேராக உட்காரவைக்கிறோம். துளைக்கும் முளைக்கும் நடுவே மயிரிழை இடைவெளி எப்போதும் இருக்கும், அந்த இடைவெளியில் பிளேடு சாய்ந்தால் ஒரு பக்கம் அதிகமாக வெளியே தெரியும், மறுபக்கம் குறைவாக. மூடியைத் தலைகீழாக வைத்து, பிளேடையும் தகட்டையும் அதன் மேல் அடுக்கி, முனைகளை இரண்டு விரலால் அழுத்திக்கொண்டே கைப்பிடியைத் திருகினால் இது பெரும்பாலும் வராது. நேராகப் பிடித்துக்கொண்டு மூடியை மேலிருந்து சொருகப் பார்ப்பவர்களுக்குத்தான் சாய்கிறது. அளவுக்கு மீறி இறுக்கவும் வேண்டாம். துத்தநாகக் கலவையில் வார்த்த மூடிகளில் மரைக்கம்பி முறிந்துபோவது உண்டு, முறிந்தால் ரேசரே போச்சு. பித்தளை, எஃகு என்றால் இந்தக் கவலை குறைவு.

இரண்டு துண்டு ரேசரைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றும் இல்லை. அடித்தகடு கைப்பிடியோடு நிரந்தரமாக இணைந்திருக்கும், மூடியின் கம்பி குழாய் போன்ற கைப்பிடிக்குள் இறங்கும், அடியில் உள்ள குமிழைத் திருகினால் கம்பி கீழே இழுபடும். மெர்க்கூர் 34சி இந்த வகைக்குப் பேர்போனது. கையாள வேண்டிய பொருள் ஒன்று குறைகிறது, அது நல்லதுதான். ஆனால் முழுக் கைப்பிடியையும் பிடித்துத் திருகிய இடத்தில் இப்போது சின்னக் குமிழ், அது சோப்பில் வழுக்கும், பிளேடுக்கும் மூடிக்கும் நடுவே நடக்கிற ஒட்டல் அப்படியே இருக்கிறது. அதாவது சுலபமான பாதியை இன்னும் சுலபமாக்கி, கஷ்டமான பாதியைத் தொடாமல் விட்டிருக்கிறார்கள்.

சரி, இப்போது பட்டாம்பூச்சி. எல்லாரும் பிளேடு மாற்ற இதுதான் சுலபம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். ஜில்லெட் 1934ல் அரிஸ்டோகிராட் என்ற பெயரில் கொண்டுவந்தது, 1947ல் வந்த சூப்பர் ஸ்பீட் அதை வீட்டுக்கு வீடு கொண்டுபோனது. அடிக்குமிழைத் திருப்பினால் உள்ளே ஒரு தண்டு மேலேறி, தலையில் உள்ள இரண்டு கதவுகளை அகலத் திறக்கிறது. நடுவில் பிளேடு மட்டும் கிடக்கும்.

இதில் பலர் புகழ்வது எதுவும் கழலாமல் ஒரே துண்டாக இருப்பதை. எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது வேறு. திறந்த கதவுகள் பிளேடின் நீள ஓரங்களை ஒட்டி இரண்டு பக்கமும் சுவர் மாதிரி நிற்கின்றன, திறந்திருப்பது குறுக்கு முனைகள் மட்டும். விரல் வேறு எங்கும் போக வழியில்லை. பல நேரம் விரலே தேவையில்லை, ரேசரைக் கவிழ்த்து ஒரு தட்டுத் தட்டினால் பிளேடு தானாக விழும், நீர்ப்படலம் பிடித்தால் இரண்டாவது தட்டு. வடிவமைத்தவர்கள் இந்தச் சுவரை வேண்டுமென்றே வைத்தார்களா, கதவு அப்படித்தான் திறக்க முடியும் என்பதால் வந்து வாய்த்ததா, எப்படியானாலும் பலன் நமக்கு. சூப்பர் ஸ்பீட் காலத்தில் இதோடு ஒரு பிளேடு டப்பாவும் வந்தது, அதை ரேசரின் நடுச்சட்டத்தில் பொருத்தித் தள்ளினால் புதுப் பிளேடு வழுக்கி வந்து உட்காரும், பழையதைப் போட டப்பாவின் பின்பக்கம் ஒரு அறை. பிளேடைத் தொடவே வேண்டாம். இவ்வளவு நல்ல ஏற்பாடு எப்படி வழக்கொழிந்தது என்று எனக்கு இன்றும் ஆச்சரியம், இப்போது வருவதெல்லாம் காகிதத்தில் மடித்த பிளேடுதான்.

ஆனால் பட்டாம்பூச்சிக்கு வயதாகும். கதவு, கீல், தண்டு என்று அசைகிற பாகம் நிறைய. உப்பு அதிகமுள்ள தண்ணீரில் இருக்கும் கால்சியத்தோடு சோப்பு சேர்ந்தால் கரையாத ஒரு வெள்ளைப் பசையாகும், அது கீலுக்குள் புகுந்து காய்ந்தால் குமிழ் நறநறக்கும், பிறகு இறுகும். மூன்று துண்டு ரேசரைப் பிரித்துத் தேய்க்கிற மாதிரி இதைப் பிரிக்க முடியாது. வெந்நீரில் ஊறவைத்து, காயவிட்டு, கீலில் ஒரு சொட்டு எண்ணெய் விடுவதுதான் வைத்தியம். கீல் தேய்ந்துபோனால் அதுவும் பலிக்காது: இரண்டு கதவும் ஒரே அளவுக்கு மூடாமல் ஒரு பக்கம் பிளேடு நீட்டிக்கொண்டிருக்கும். அதனால் பழைய பட்டாம்பூச்சி ரேசரை வாங்குகிறவர்கள் பளபளப்பைப் பார்க்காமல் கதவை மூடி, தலையை மேலிருந்து நேராகப் பார்த்து, இரண்டு பக்கமும் பிளேடு ஒரே அளவு தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். 1958ல் வந்த ஜில்லெட்டின், பிளேடு வெளியே தெரியும் அளவைக் கூட்டிக் குறைக்கும் ரேசர்களும் இதே கதவு முறைதான், கழுத்தில் எண் வளையம் கூடுதல், அடைத்துக்கொள்ள இடமும் கூடுதல்.

இயந்திரமாக மட்டும் பார்த்தால் எனக்கு முதலிடம் இன்ஜெக்டருக்கு. ஜேக்கப் ஷிக் அமெரிக்க ராணுவத்தில் லெப்டினன்ட் கர்னலாக இருந்தவர், அடுத்தடுத்துக் குண்டு ஏறும் துப்பாக்கியை மனதில் வைத்து 1926ல் இதைக் கொண்டுவந்தார். (மின்சார ஷேவரைச் சந்தைக்குக் கொண்டுவந்ததும் அவரேதான். பிளேடு மாற்றும் தொல்லையை இரண்டு விதமாக ஒழிக்கப் பார்த்த மனிதர்.) முதலில் பிளேடு அடுக்கு கைப்பிடிக்குள்ளேயே இருந்தது, பிறகுதான் தனி இன்ஜெக்டர் டப்பா. அதன் நுனியில் ஒரு நாக்கு இருக்கும். அதை ரேசர் தலையின் பக்கவாட்டுத் துளையில் நுழைத்தால் பிளேடை அழுத்திப் பிடித்திருக்கும் ஸ்பிரிங் கொஞ்சம் விலகும், டப்பாவின் நெம்பைத் தள்ளினால் புதுப் பிளேடு உள்ளே போகும், அது போகிற வேகத்தில் பழையது மறுபக்கம் வெளியே வந்துவிழும். பழையதைத் தள்ளுவது புதியது. இதற்குத் தனி வேலையே இல்லை!

கவனித்தால் இங்கே மூன்று பிரச்சினையும் ஒரே அசைவில் தீர்ந்திருக்கிறது. விரல் பிளேடைத் தொடுவதில்லை. நேராக உட்காரவைக்க நம் கைத்திறன் வேண்டாம், தலையில் உள்ள தடம் அதைச் செய்கிறது. ஒட்டிக்கொள்ளும் நீர்ப்படலமும் பொருட்டில்லை, ஏனென்றால் பிளேடைத் தூக்காமல் பக்கவாட்டில் தள்ளுகிறோம். இப்படித் தள்ள வேண்டுமானால் பிளேடு வளையாத தடிமனில் இருக்க வேண்டும். இன்ஜெக்டர் பிளேடு கிட்டத்தட்ட கால் மில்லிமீட்டர் தடிமன், ஒரு பக்கம்தான் கூர். 0.1 மில்லிமீட்டர் பிளேடை இப்படித் தள்ளினால் நடுவில் மடங்கிவிடும்.

அதுவே அதன் பலவீனமும். வேறு பிளேடு எதுவும் அதில் ஏறாது. இருபக்க பிளேடை எத்தனையோ நிறுவனங்கள் செய்கின்றன, ஒன்று கிடைக்காவிட்டால் இன்னொன்று. இன்ஜெக்டர் பிளேடு தேடிப் பிடிக்க வேண்டிய பொருளாகிவிட்டது, அதிலும் டப்பா இல்லாமல் உதிரியாக வந்தால் அந்தத் துப்பாக்கி வித்தையெல்லாம் போய், தடித்த பிளேடைக் கையால் தள்ளுகிற வேலையாகிவிடும். மாற்றுவது சுலபம்தான், மாற்றுவதற்குப் பிளேடு வேண்டுமே.

ஜெம் வகை ஒருபக்க ரேசர் இரண்டுக்கும் நடுவில். பிளேடின் பின்பக்கம் தகடு மடித்த முதுகெலும்பு மாதிரித் தடித்திருக்கும், அந்த முதுகைப் பிடித்தால் கையை வெட்டாது. ஜெம் மைக்ரோமேட்டிக்கில் அடிக்குமிழைத் திருப்பினால் தலையின் மேல்பாகம் தூக்கிக்கொள்ளும், பிளேடை உள்ளே விட்டு மூடினால் ஆயிற்று. பட்டாம்பூச்சி ஒட்டுமொத்த ரேசரை மாற்றியது, ஜெம் பிளேடின் முதுகை மட்டும் மாற்றியது, பத்திரம் என்ற ஒரு கேள்விக்கு ஜெம்மின் விடைதான் எளிமையானது. தலை தடிமன் என்பதால் மூக்கடியில் கொஞ்சம் திண்டாட்டம்.

விசித்திரங்களும் உண்டு. வேலட் ஆட்டோஸ்ட்ராப் ரேசரில் தலைக்குள்ளேயே தோல்பட்டையை நுழைத்து முன்னும் பின்னும் இழுத்துப் பிளேடைத் தீட்டிக்கொள்ளலாம், அதாவது மாற்றாமலே இருப்பதுதான் அதன் விடை. 1960களின் நடுவில் ஜில்லெட் டெக்மேட்டிக் என்று ஒன்று விட்டது, பிளேடுக்குப் பதில் சுருட்டிய எஃகு நாடா, மழுங்கினால் நெம்பைத் திருப்பி அடுத்த துண்டுக்கு நகர்த்தலாம், கேமரா பிலிம் மாதிரி. மெர்க்கூர் ஃப்யூச்சரில் மூடியை வெறுமனே இழுத்தால் டக்கென்று கழலும், டக்கென்று மாட்டும். வேகம் சரி, ஆனால் உள்ளே பிளேடு இருக்கும் ஒன்றை வழுக்கும் விரலால் பலம் கொடுத்து இழுப்பது எனக்கு ஒத்துவரவில்லை. திருகில் பலம் மெல்ல மெல்லப் போகிறது, இழுப்பில் மொத்தமாக ஒரே நொடியில். கை நழுவுவது அந்த நொடியில்தான்.

கார்ட்ரிட்ஜ்? 1971ல் ஜில்லெட்டின் டிராக் டூ வந்ததிலிருந்து பிளேடு மாற்றுவது என்ற வேலையே பொத்தானை அமுக்குவதாகிவிட்டது. சுலபத்தில் இதை எதுவும் அடிக்க முடியாது, ஒப்புக்கொள்கிறேன். பிளேடைப் பிடித்திருக்கும் தலையையே சேர்த்துத் தூக்கி எறிவதால் வந்த சுலபம் அது, ஒரு கம்பெனியின் கைப்பிடியில் இன்னொரு கம்பெனியின் தலை பெரும்பாலும் ஏறாது.

இத்தனைக்கும் பிறகு நான் தினமும் பயன்படுத்துவது முனை துருத்திய, பித்தளையால் ஆன மூன்று துண்டு ரேசர். கை நடுங்காதவர்களுக்கு அதைத்தான் சொல்வேன். அப்பாவுக்குக் கை நடுக்கம் வந்த பிறகு அவருடைய மூன்று துண்டு ரேசரை வாங்கி வைத்துவிட்டுப் பட்டாம்பூச்சி ஒன்றைக் கொடுத்தேன். இப்போது பழைய செய்தித்தாள் மேல் ரேசரைக் கவிழ்த்துத் தட்டுகிறார், பிளேடு விழுகிறது, விரலைக் கிட்டேகூடக் கொண்டுபோவதில்லை. ஒரே சண்டை, குமிழைச் சாவி முறுக்குவது போல முறுக்கி மூடுகிறார், மறுநாள் திறக்க என்னைக் கூப்பிடுகிறார்.